‘கன்ஃபிகர்’ கோப்பைக் காணோமே! கிட்டிலிருந்து இறக்கிய நிரலை பில்டுக்குத் தயார்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் கல்லூரிகளில் படிப்பவர்களும், ஓசூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ராத்திரியில் லினக்ஸ் பழகுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் சி++ நன்றாகவே எழுதத் தெரிந்தவர்கள். ஒரு கட்டற்ற மென்பொருளின் ரெப்போவை (கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்திருக்கும் மூலநிரல் தொகுப்பை) ஆசையாக இறக்கி, முதல் அரைமணியில் நான்கு எரர் பார்த்துவிட்டு, ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இந்தப் பக்கம்.

எடுத்துக்காட்டுக்கு டெசராக்டை வைத்துக்கொள்கிறேன். பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் அது. 1980-களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. தமிழும் படிக்கும். பழைய பள்ளி ஆண்டு மலரையும் ஊர்க் கோயில் மலரையும் கணினியில் ஏற்ற நினைக்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இன்ஸ்டால் கோப்பில் ‘./கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்று போட்டிருக்கிறது. ரெப்போவில் கன்ஃபிகரே இல்லை. இறக்கும்போது ஏதாவது விட்டுப்போச்சா?

எதுவும் விட்டுப்போகவில்லை. கன்ஃபிகர் என்பது உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்து பில்டுக்குத் தயார்செய்யும் ஸ்கிரிப்ட். பல திட்டங்கள் அதை ரெப்போவில் வைப்பதில்லை.

அந்த மூன்று வரி, வெளியீட்டுத் தார்பாலை (ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சுருக்கித் தரும் கோப்புத் தொகுப்பை) இறக்கியவர்களுக்காக எழுதியது. தார்பால் என்பது மில்லில் அரைத்துச் சலித்துக் கொடுத்த ராகி மாவு. கிட் ரெப்போ என்பது மூட்டையில் இருக்கும் ராகி. அரைக்கும் வேலையை வெளியீட்டின்போது திட்டத்தின் பொறுப்பாளர் செய்வார். ரெப்போவை நேரடியாக எடுத்தால் அந்த வேலை நம்முடையது. ஆட்கள் கையால் எழுதியது ‘கன்ஃபிகர்.ஏசி’, ‘மேக்ஃபைல்.ஏஎம்’ ஆகிய சின்னக் கோப்புகள்தான். அவற்றிலிருந்து 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃபும், பின்னால் வந்த ஆட்டோமேக்கும் சேர்ந்து பல ஆயிரம் வரி ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்டை உருவாக்கும்.

அதையும் ரெப்போவிலேயே போட்டு வைத்தால் என்ன?

சிலர் போடுகிறார்கள். சிபைத்தான் (பைத்தான் மொழி) ரெப்போவில் கன்ஃபிகர் இருக்கும், போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் ரெப்போவிலும் இருக்கும். வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் இருப்பது கையால் எழுதிய கன்ஃபிகர், ஆட்டோகான்ஃபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்றவர்கள் போடாததற்குக் காரணம் நியாயமானது. உங்களிடம் ஒரு ஆட்டோகான்ஃப் பதிப்பு, என்னிடம் இன்னொன்று. இருவரும் மாறி மாறி கமிட் செய்தால் (மாற்றத்தை ரெப்போவில் பதிந்தால்) ஒரு வரி மாற்றத்துக்குப் பின்னால் இரண்டாயிரம் வரி தேவையில்லாத வேறுபாடு வந்து நிற்கும். எது உண்மையான மாற்றம் என்று யாராலும் பார்க்க முடியாது.

சரி, முதலில் எதை ஓட்ட வேண்டும்?

ஓட்டுவதற்கு முன் ‘எல்எஸ்’ அடித்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஆட்டோஜென்.எஸ்எச்’ இருந்தால் அதை ஓட்டுங்கள். டெசராக்டில் அதுதான். விஎல்சி, குனு கோர்யூட்டில்ஸ் போன்றவற்றில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற பெயரில் இருக்கும். இரண்டும் இல்லை, ‘கன்ஃபிகர்.ஏசி’ மட்டும் இருக்கிறது என்றால், ‘ஆட்டோரீகான்ஃப் --ஃபோர்ஸ் --இன்ஸ்டால்’ போதும். ஏசிலோக்கல், லிப்டூலைஸ், ஆட்டோகான்ஃப், ஆட்டோஹெட்டர், ஆட்டோமேக் என்று எது எது தேவையோ அதைச் சரியான வரிசையில் அதுவே கூப்பிடும். இந்த ஐந்தையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன, அவற்றை விட்டுவிடலாம்.

திட்டம் தானே ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தால் ஆட்டோரீகான்ஃபை விட அதற்கே முதலிடம். கோர்யூட்டில்ஸின் பூட்ஸ்ட்ராப், குனுலிப் என்ற பொது நூலகத்திலிருந்து கோப்புகளை எடுத்து வந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கும். அதைத் தாண்டி நேராக ஆட்டோரீகான்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காது. இந்த விவரமெல்லாம் ‘ரீட்மீ-ஹேக்கிங்’, ‘ஹேக்கிங்’, ‘கான்ட்ரிப்யூட்டிங்’ என்ற பெயரிலுள்ள கோப்பில் இருக்கும். ‘இன்ஸ்டால்’ கோப்பு தார்பால்காரர்களுக்கானது.

‘சிமேக்லிஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ அல்லது ‘மீசன்.பில்ட்’ இருந்தால் இந்தப் படியே கிடையாது. நேராக சிமேக் அல்லது மீசன் என்ற மாற்று பில்ட் கருவிக்குப் போகலாம்.

ஆட்டோஜென் முடிந்ததும் தானாகவே கன்ஃபிகர் ஓட ஆரம்பித்துவிட்டதே?

சில திட்டங்களின் ஸ்கிரிப்ட் அப்படித்தான். வேண்டாமென்றால் முன்னால் ‘நோகன்ஃபிகர்=1’ என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். க்னோம் (லினக்ஸ் டெஸ்க்டாப்) வழிவந்த திட்டங்கள் பல இதை மதிக்கும். டெசராக்ட் அப்படியில்லை. ‘ஆல் டன்’ என்று சொல்லி நின்றுவிடும், அடுத்து கன்ஃபிகரை நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

எந்த எந்த பேக்கேஜ் முன்கூட்டியே வேண்டும்?

உபுண்டு, டெபியனில் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், ஜி++, மேக் ஆகியவை அடிப்படை. கூடவே ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ், ஆட்டோபாயின்ட், கெட்டெக்ஸ்ட், பைசன், ஃப்ளெக்ஸ், டெக்ஸ்இன்ஃபோ ஆகியவற்றையும் போட்டுவிடுங்கள். தார்பால்காரர்களுக்கு பைசன் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் அது உருவாக்கும் சி கோப்பு தார்பாலுக்குள்ளேயே இருக்கும். ரெப்போவில் இருக்காது. (போஸ்ட்கிரஸ்கியூஎல் 17-ஆம் பதிப்பு முதல் தார்பாலிலும் அதை வைப்பதில்லை.)

இன்னொரு குறுக்குவழி உண்டு. நீங்கள் கட்டப்போகும் (பில்ட் செய்யப்போகும்) மென்பொருள் ஏற்கெனவே உங்கள் டிஸ்ட்ரோவில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பில்) பேக்கேஜாக இருந்தால், ‘சூடோ ஆப்ட் பில்ட்-டெப் டெசராக்ட்’ என்று அடியுங்கள். அந்தப் பேக்கேஜைக் கட்டத் தேவையான எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். இதற்கு மென்பொருள் மூலப் பட்டியலில் ‘டெப்-எஸ்ஆர்சி’ திறந்திருக்க வேண்டும். புதிய ரெப்போ ஒன்றிரண்டு நூலகம் கூடுதலாகக் கேட்கலாம், அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டோஜென் ஓட்டினால் முப்பது நாற்பது வரி எரர் வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

மேலே ஆரம்பியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் ஸ்கிரீன்ஷாட் எல்லாமே கடைசி மூன்று வரிதான். கடைசி வரி ‘ஆட்டோமேக் தோற்றது’ என்று மட்டும் சொல்லும். ஏன் என்பது முதல் எரரில் இருக்கும். திரையில் வருவதை ‘டீ’ கட்டளையால் ஒரு கோப்பில் சேமித்து முதல் வரியிலிருந்து படியுங்கள். பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘பாசிப்ளி அன்டிஃபைன்ட் மேக்ரோ’ என்று வந்து, பக்கத்தில் ‘ஏசி_ப்ராக்_லிப்டூல்’ அல்லது ‘எல்டி_இனிட்’ இருந்தால் லிப்டூல் பேக்கேஜ் இல்லை. ‘ஏஎக்ஸ்_’ என்று தொடங்கும் பெயராக இருந்தால் ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ் இல்லை. ‘ஏஎம்_குனு_கெட்டெக்ஸ்ட்’ என்றால் கெட்டெக்ஸ்டும் ஆட்டோபாயின்டும். மேக்ரோவின் பெயரே எந்தப் பேக்கேஜ் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஏமாற்றுகிற ஒன்று இருக்கிறது. ஆட்டோஜென் அமைதியாக முடிந்துவிடும். கன்ஃபிகர் ஓடும்போது பாதி வழியில் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று நிற்கும், அந்த வரியில் ‘பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்’ என்று இருக்கும். கன்ஃபிகர் ஸ்கிரிப்டைத் திறந்து அந்த வரியைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள் பலர். தேவையே இல்லை. ஆட்டோஜென் ஓடியபோது பிகேஜி-கான்ஃபிக் கணினியில் இல்லாததால் அந்த மேக்ரோ விரிவடையாமல் பெயராகவே தங்கிவிட்டது. பேக்கேஜைப் போட்டுவிட்டு *ஆட்டோஜெனிலிருந்து* மறுபடி தொடங்குங்கள். கன்ஃபிகரை மட்டும் மறுபடி ஓட்டினால் அதே எரர்தான் வரும்.

‘எம்4 என்ற டைரக்டரியைத் திறக்க முடியவில்லை’ என்று ஏசிலோக்கல் சொன்னால், ‘எம்கேடிர் எம்4’ அடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். காலியான ஃபோல்டரை கிட் நினைவில் வைத்துக்கொள்ளாது. எழுதியவர் கணினியில் இருந்தது, உங்களிடம் வந்துசேரவில்லை. ‘சேஞ்ச்லாக்’ கோப்பு இல்லை என்று ஆட்டோமேக் சண்டை போட்டால், ‘டச் சேஞ்ச்லாக்’ போதும். பல திட்டங்கள் அதை வெளியீட்டின்போது கிட் வரலாற்றிலிருந்து உருவாக்குகின்றன.

‘புதிதாக உருவாக்கிய கோப்பு பழைய கோப்பைவிடப் பழையது, கடிகாரத்தைப் பாருங்கள்’ என்று கன்ஃபிகர் சொல்கிறது. இது என்ன புதிர்?

புதிர் இல்லை, மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெங்களூர் கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி, இவற்றில்தான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் பழகுகிறார்கள். அதனால் இந்த எரரை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் அதிகம் பார்க்கிறோம்.

நடப்பது இதுதான். நேற்று நெட் இணைப்போடு இருந்தீர்கள், கணினி சரியான நேரத்தை நெட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. அப்போது க்ளோன் செய்து (ரெப்போவை கிட் மூலம் இறக்கி) ஆட்டோஜென் ஓட்டினீர்கள். இரவு அணைத்தீர்கள். காலையில் நெட் இல்லாமல் திறந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கிறது. இப்போது கன்ஃபிகர் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கிப் பார்க்கிறது. அதன் தேதி நேற்றைய கன்ஃபிகர் கோப்பின் தேதியைவிடப் பழையது. மேக் என்ற கருவி எதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதை முழுக்க முழுக்கத் தேதியை வைத்தே முடிவு செய்வதால், தேதி நம்பகமில்லை என்று தெரிந்ததும் கன்ஃபிகர் நின்றுவிடுகிறது. நிற்பது நல்லதுதான். தப்பித் தாண்டிப் போனால் மேக் ‘க்ளாக் ஸ்க்யூ’ என்று எச்சரித்துவிட்டு அரைகுறையாகக் கட்டித் தரும்.

‘டேட்’ என்று அடித்து நேரத்தைப் பாருங்கள். தப்பாக இருந்தால் ‘டைம்டேட்சிடிஎல்’ மூலம் சரிசெய்து, ரெப்போவைச் சுத்தப்படுத்தி, ஆட்டோஜெனிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு அந்த பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான கணினிகளில் சிஆர்2032 வகைதான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்பில் ஒயரோடு வரும் வகை இருக்கும், கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சூடோ போட்டு ஆட்டோஜென் ஓட்டலாமா?

வேண்டாம். சூடோ என்பது ரூட், அதாவது நிர்வாகி, உரிமையோடு ஓட்டுவது. கோப்பெல்லாம் ரூட் பெயருக்குப் போய்விடும், பிறகு உங்கள் கணக்கிலிருந்து எதையும் திருத்த முடியாது. கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’ செய்யும்போது மட்டும்தான் சூடோ. ‘--ப்ரீஃபிக்ஸ்’ கொடுத்து உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவினால் அதுவும் வேண்டாம். காலேஜ் லேபில் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

‘டவுன்லோட் ஜிப்’ பட்டனை அழுத்தி இறக்கினேன். அது போதாதா?

பெரும்பாலும் போதாது. அந்த ஜிப்பில் ‘.கிட்’ ஃபோல்டர் இருக்காது, அதனால் பதிப்பு எண்ணை கிட் வரலாற்றிலிருந்து எடுக்கும் திட்டங்கள் தடுமாறும். சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இணைத்த வேறொரு ரெப்போ) இருக்க வேண்டிய ஃபோல்டர்கள் காலியாக இருக்கும். பின்னால் ஒரு திருத்தம் செய்து அனுப்பவும் வழியில்லை. க்ளோன் செய்யுங்கள்.

க்ளோன் செய்தாலும் சப்மாட்யூல் தானாக வராது. ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ அடிக்க வேண்டும். ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தேவையா என்று தெரிந்துவிடும். டெசராக்டில் சப்மாட்யூல்கள் சோதனைகளுக்காக மட்டும் வைத்தவை. சாதாரணமாகக் கட்ட அவை இல்லாமலே முடியும்.

எங்கள் ஊரில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். க்ளோன் பாதியில் அறுந்துபோகிறது.

பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. அறுந்துபோன க்ளோனை கிட் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் சிறிது சிறிதாக எடுங்கள். முதலில் ‘கிட் க்ளோன் --டெப்த் 1’, கடைசி நிலை மட்டும் வரும். பிறகு சிக்னல் நன்றாக இருக்கும்போதெல்லாம் ‘கிட் ஃபெட்ச் --டீப்பன்=200’ என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துங்கள். நல்ல நெட் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது ‘கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ --டேக்ஸ்’ அடித்து முழுமையாக்கிவிடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு குறை உண்டு. ‘கிட் டிஸ்க்ரைப்’ மூலம் பதிப்பு எண் எடுக்கும் திட்டங்கள் ஆழமில்லாத க்ளோனில் டேக் (பதிப்புக்கு வைத்த பெயர்க்குறி) கிடைக்காமல் ‘அன்நோன்’ என்று எழுதும் அல்லது நின்றுவிடும். அப்படிப்பட்ட திட்டத்துக்கு ‘--ஃபில்ட்டர்=பிளாப்:நன்’ என்ற க்ளோன் மேல். வரலாறு முழுக்க வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது வரும்.

விண்டோஸில் இறக்கி, டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில்) கட்டுகிறேன். ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்கிறது.

விண்டோஸ் கிட், வரி முடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிட்டது. ஷெல் ஸ்கிரிப்டுக்கு அது ஒத்துவராது. டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளேயே, அதன் ஹோம் ஃபோல்டரில் புதிதாக க்ளோன் செய்யுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளியும் வேண்டாம். ‘மை ப்ராஜெக்ட்’ என்று வைத்தால் கன்ஃபிகர் ‘பாதுகாப்பற்ற டைரக்டரி பெயர்’ என்று சொல்லி மறுத்துவிடும்.

‘ஏசிலோக்கல்-1.15 இல்லை’ என்கிறது. என்னிடம் அதைவிடப் புதியது இருக்கிறதே?

உருவாக்கிய கோப்புகளையும் கமிட் செய்து வைத்திருக்கும் திட்டத்தில் வரும் சிக்கல் இது. கிட் கோப்புகளின் பழைய தேதியைக் காப்பாற்றாது. க்ளோன் செய்த நேரமே எல்லாவற்றின் தேதியாகிவிடும். எது முன்னால் எழுதப்பட்டது என்பதில் நொடிக் கணக்கில் வித்தியாசம் வந்தாலும், ‘கன்ஃபிகர்.ஏசி புதியது, மறுபடி உருவாக்கு’ என்று மேக் முடிவெடுத்து, எழுதியவர் அன்று பயன்படுத்திய பதிப்பையே தேடுகிறது. பழைய பதிப்பைத் தேடி அலையாதீர்கள். ‘ஆட்டோரீகான்ஃப் --ஃபோர்ஸ் --இன்ஸ்டால்’ அடித்தால் உங்கள் பதிப்புக்கே எல்லாம் புதிதாக எழுதப்படும்.

ராஸ்பெரி பை போன்ற போர்டில் ‘பில்ட் வகையை ஊகிக்க முடியவில்லை’ என்று வந்தாலும் மருந்து இதுவேதான். பழைய ‘கன்ஃபிக்.கெஸ்’ கோப்புக்கு அந்தப் ப்ராசஸரே தெரியாது.

இவ்வளவு பாடுபடுவதற்கு தார்பாலையே இறக்கலாமே? அதுதானே சோதித்துக் கொடுத்தது?

பயன்படுத்த மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக. டிஸ்ட்ரோ பேக்கேஜ் அதைவிட எளிது. ஆனால் ‘தார்பாலும் ரெப்போவும் ஒன்றுதான்’ என்ற எண்ணம் இருந்தால் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்எச் (நெட் வழியாக வேறு கணினிக்குள் நுழையும் கருவி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ்கியூஎல் நிரலாளர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதைக் கண்டுபிடித்தார். நச்சுக் குறியீடு சோதனைக் கோப்பு என்ற வேஷத்தில் ரெப்போவிலேயே கிடந்தது. அதை உசுப்பிவிடும் வரி மட்டும் ‘பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4’ என்ற கோப்பில், தார்பாலுக்குள் மட்டும் இருந்தது. ரெப்போவைப் படித்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை. கன்ஃபிகரை உருவாக்கும் எம்4 கோப்புகளை யாரும் படிப்பதில்லை என்பதை நம்பித்தான் அங்கே ஒளித்தார்கள்.

அதனால்தான் மாணவர்கள் இந்தப் படியை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். கன்ஃபிகர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் வரக்கூடாத இடத்திலிருந்து வந்ததை அடையாளம் காண முடியும்.

லெப்டோனிகா (டெசராக்டுக்குத் தேவையான பட நூலகம்) போட்டுவிட்டேன். ஆனாலும் ‘லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்று கன்ஃபிகர் நிற்கிறது.

ஓடுவதற்கான பேக்கேஜைப் போட்டிருப்பீர்கள். கட்டுவதற்கு ஹெடர் கோப்புகளும் ‘.பிசி’ கோப்பும் வேண்டும், அவை ‘லிப்லெப்டோனிகா-டெவ்’ பேக்கேஜில் இருக்கின்றன. எந்த நூலகம் இல்லை என்று கன்ஃபிகர் சொன்னாலும் அதன் ‘-டெவ்’ பேக்கேஜைத் தேடுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் ‘கன்ஃபிக்.லாக்’ கோப்பில் எந்தச் சோதனை எப்படித் தோற்றது என்று முழுதாக எழுதியிருக்கும்.

மேக் ஓடும்போது ‘கில்ட்’ என்று நிற்கிறது.

ரேம் போதவில்லை. ‘-ஜே’ எண்ணை (ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பதை) 2 அல்லது 1 ஆகக் குறையுங்கள்.

கட்டி, நிறுவியும் விட்டேன். ‘லிப்டெசராக்ட்’ கிடைக்கவில்லை என்கிறது. தமிழும் படிக்கவில்லை.

முதலாவதுக்கு ‘சூடோ எல்டிகான்ஃபிக்’. இரண்டாவதுக்கு, மொழித் தரவு ரெப்போவில் வராது என்பதே காரணம். டெஸ்டேட்டா, டெஸ்டேட்டா_ஃபாஸ்ட், டெஸ்டேட்டா_பெஸ்ட் என்று மூன்று தனி ரெப்போக்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ‘டாம்.ட்ரெய்ன்ட்டேட்டா’ கோப்பை மட்டும் எடுத்து, ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா’ ஃபோல்டரில் வையுங்கள். பழைய லேப்டாப்புக்கு ஃபாஸ்ட் போதும். அச்சு மங்கிய மலர்களுக்கு பெஸ்டை முயன்று பாருங்கள், பொறுமை வேண்டும்.

எல்லாம் குழம்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க க்ளோனை அழித்துவிடவா?

மறுபடி இறக்க டேட்டா செலவு எதற்கு? ‘கிட் க்ளீன் -எக்ஸ்டிஎஃப்’ அடித்தால் கிட்டுக்குத் தெரியாத எல்லாக் கோப்பும் போய்விடும், கிட்டுக்குத் தெரிந்த கோப்பில் நீங்கள் செய்த மாற்றம் மட்டும் அப்படியே இருக்கும். ‘எல்லாக் கோப்பும்’ என்பதில் நீங்கள் அங்கே வைத்த குறிப்பும், ஸ்கேன் செய்த படமும் அடக்கம். முதலில் எஃப்புக்குப் பதில் ‘என்’ போட்டு எதெல்லாம் போகும் என்று பட்டியல் பாருங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால், ஆட்டோஜெனுக்குப் பிறகு ‘பில்ட்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள்ளிருந்து ‘../கன்ஃபிகர்’ ஓட்டுங்கள். கட்டிய கோப்பெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், வேண்டாதபோது அதை மட்டும் அழிக்கலாம்.

ஒவ்வொரு ‘கிட் புல்’லுக்குப் பிறகும் ஆட்டோஜென் ஓட்ட வேண்டுமா?

‘கன்ஃபிகர்.ஏசி’ அல்லது எம்4 கோப்பு மாறியிருந்தால் ஓட்டுங்கள். மற்றபடி ‘மேக்’ மட்டும் போதும், தேவையானதை அதுவே கண்டுபிடிக்கும்.

எரரைச் சரிசெய்தபோது திட்டத்தின் ஆவணத்தில் ஒரு பேக்கேஜ் பெயர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். அதை அனுப்பலாமா?

அவசியம் அனுப்புங்கள். ரெப்போவுக்குப் பல வருஷம் பழகியவர்கள் கணினியில் எல்லாப் பேக்கேஜும் ஏற்கெனவே இருக்கும், அதனால் இந்தக் குறை அவர்கள் கண்ணில் படாது. புதிதாக வந்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். அனுப்பும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். நீங்கள் திருத்திய ஆவணக் கோப்பு மட்டும் அதில் இருக்க வேண்டும். கன்ஃபிகர், ‘மேக்ஃபைல்.இன்’, ‘ஏசிலோக்கல்.எம்4’ ஏதாவது தெரிந்தால் ‘கிட் ஆட்’ செய்யாதீர்கள், ‘.கிட்இக்னோர்’ கோப்பில் அந்தப் பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று அர்த்தம். அதைத் தனி கமிட்டாக அனுப்பலாம்.